ஆழ்கடல் பவளத்தில் குடியிருக்கும் சிற்றுயிர்களை ஆராய: கப்பல் ஏறாமல் தொடங்கும் வழி

இந்தக் கட்டுரை யாருக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலங்கியலோ கடல் உயிரியலோ படிக்கிறீர்கள், ஆழ்கடல் பவளங்களின் மேல் வாழும் சின்னச் சின்ன விலங்குகளைப் பற்றி ஒரு ஆய்வேடு எழுத ஆசை, ஆனால் கையில் கப்பலும் இல்லை, ஆயிரம் மீட்டருக்குக் கீழே இறங்கும் ஆர்ஓவியும் (கப்பலிலிருந்து இயக்கும் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி) இல்லை, வழிகாட்டிப் பேராசிரியரிடம் கேட்டால் "அதெல்லாம் நம்மால் ஆகாதுப்பா" என்கிறார். ஆகும். மற்றவர்கள் எடுத்த காணொளிகளையும் அருங்காட்சியகங்கள் இரவல் தரும் மாதிரிகளையும் வைத்தே நான் இதைச் செய்து முடித்திருக்கிறேன். ஆனால் எந்தத் தாளை யாரிடம் எப்போது கேட்க வேண்டும் என்று ஒரே இடத்தில் எழுதி வைத்தவர் யாருமில்லாததால், படிப்புக்குப் போக வேண்டிய மாதங்கள் கடிதப் போக்குவரத்தில் போயின. உங்களுக்கு அது வேண்டாம்.

ஒன்றை மட்டும் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த விலங்கு, எந்தப் பவளத்தில், அதன் எந்தப் பகுதியில் இருந்தது என்ற மூன்றும் ஒன்றாகவே பயணிக்க வேண்டும்: காணொளிக் குறிப்பில், இரவல் கடிதத்தில், குப்பியின் லேபிளில், டிஎன்ஏ தரவில், எல்லாவற்றிலும். புழு ஒரு அலமாரிக்கும் பவளம் இன்னொரு அலமாரிக்கும் போய்விட்டால், இரண்டும் சேர்ந்து வாழ்ந்தவை என்பதை யாராலும் மீட்டெடுக்க முடியாது. கீழே வரும் எச்சரிக்கைகளில் பாதிக்கு மேல் இதைப் பற்றியவைதான்.

1. முதலில் ஒரே ஒரு ஜோடி

"ஆழ்கடல் பவளங்களில் வாழும் உயிரினங்கள்" என்று பொதுவாகத் தலைப்பு வைத்துவிட்டால் கரையேறவே முடியாது. வடகிழக்கு அட்லாண்டிக்கின் லோஃபீலியா பவளத் திட்டுகளில் மட்டும் 1,300-க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியிருக்கின்றன. பிரிட்டில் ஸ்டார் (நட்சத்திர மீனின் உறவான, நீண்ட மெல்லிய கைகள் கொண்ட விலங்கு), செதில் புழு, ஸ்குவாட் லாப்ஸ்டர், இறால், நத்தை, கோப்பிபாட் (இறாலின் தூரத்து உறவான மிகச் சிறிய விலங்கு), கடல் சாமந்தி என்று ஒவ்வொன்றுக்கும் தனி நிபுணர்கள், தனி நூல்கள். ஒரு பவளம், அதில் ஒரு விலங்கு, அவ்வளவுதான் முதல் வேலை.

புதியவருக்கு நான் சொல்வது மெட்டலோகோர்ஜியா மெலனோட்ரிகோஸ் என்ற பவளமும் ஓஃபியோக்ரியாஸ் ஈடிபஸ் என்ற பிரிட்டில் ஸ்டாரும். நீண்ட வெறுங்காம்பின் உச்சியில் குடை விரித்தது போல நிற்கும் பவளம் இது, காணொளியில் தூரத்திலேயே தெரியும். அந்த உச்சிக் கிளைகளுக்குள் கைகளைச் சுற்றிக்கொண்டு பிரிட்டில் ஸ்டார் இருக்கும், பெரும்பாலும் ஒரு பவளத்துக்கு ஒன்றே ஒன்று. சின்னப் பவளத்தில் சின்னது, பெரிய பவளத்தில் பெரியது. குட்டியாக ஏறி அதே பவளத்தோடு சேர்ந்து வளர்கிறது என்று வடமேற்கு அட்லாண்டிக்கின் நியூ இங்கிலாந்து, கார்னர் ரைஸ் கடல்மலைகளில் எடுத்த மாதிரிகளை வைத்து 2009-ல் வெளியான ஆய்வு காட்டியது. இதில் ஒரு பொறி உண்டு: இளம் மெட்டலோகோர்ஜியாவுக்குக் காம்பு நெடுகக் கிளைகள் இருக்கும், வளர வளரக் கீழ்க்கிளைகள் உதிர்ந்துதான் அந்த வடிவம் வருகிறது. இளசைப் பார்த்து வேறு இனம் என்று ஒதுக்கிவிட்டால், குட்டி பிரிட்டில் ஸ்டார் இருக்கும் பவளங்களையெல்லாம் கணக்கில் விட்டுவிடுவீர்கள். வளர்ச்சியைப் பற்றிய கேள்விக்கு விடை தருபவை அவைதான்.

இரண்டாவது நல்ல ஜோடி கான்டிடெல்லா இம்ப்ரிகேட்டா என்ற பவளமும் கோர்கோனியாபாலினோ சிசிலியே என்ற செதில் புழுவும். புழு கிளையை ஒட்டிக் கிடக்க, பவளத்தின் சுண்ணச் செதில்கள் அகன்று வளைந்து அதை மூடி ஒரு சுரங்கமாகிவிடுகின்றன. அருங்காட்சியக மாதிரிக்கு இது பெரிய வரம், ஏனென்றால் கப்பலில் தூக்கும்போது புழு கழன்று விழுந்திருந்தாலும் அது வாழ்ந்த சுரங்கம் கிளையிலேயே இருக்கும்.

பாதுகாப்பு சார்ந்த கேள்வி வேண்டுமானால் மெக்சிகோ வளைகுடாவின் பாராமுரிசியா பிஸ்காயா பவளத்தையும் அதில் வாழும் அஸ்டெரோஸ்கீமா கிளாவிஜெரம் பிரிட்டில் ஸ்டாரையும் பாருங்கள். 2010 டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு, வெடித்த கிணற்றிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் தள்ளி 1,370 மீட்டர் ஆழத்தில் பாதிக்கப்பட்ட பவளங்கள் கிடைத்தன. அதே கிளைகளை ஆண்டுதோறும் படம் எடுத்துப் பார்த்ததில், பிரிட்டில் ஸ்டாருக்குப் பக்கத்தில் இருந்த பகுதிகள் மற்றவற்றைவிட நன்றாகத் தேறின. மேலே உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன விலங்கு பவளத்தைக் காப்பாற்றுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று ஆழ்கடலில் எனக்குத் தெரிந்து இல்லை. அதை நிரூபித்தது மறுபடி மறுபடி எடுத்த புகைப்படங்கள்தான் என்பதைக் கவனியுங்கள்.

லோஃபீலியா பவளமும் அதன் கிளைகளுக்கு இடையே காகிதம் போன்ற குழாய் கட்டும் யூனிசே நார்வேஜிகா புழுவும் எல்லாருக்கும் பிடித்த ஜோடி. பவளம் அந்தக் குழாயின் மேலேயே சுண்ணம் படியவைத்து அதைத் தன் திட்டோடு சேர்த்துக்கொள்ளும். ஆனால் கல் பவளம் என்பதால் அனுமதித் தாள்கள் கூடும், முதல் வேலைக்கு எடுக்காதீர்கள். பாலிப்புக்குள்ளேயே வாழும் லாமிப்பிட் கோப்பிபாட்டுகளையும் தள்ளி வையுங்கள், அவை எந்தக் காணொளியிலும் தெரியாது.

2. காணொளியில் தேடுங்கள் (செலவு: இணையக் கட்டணம் மட்டும்)

அமெரிக்காவின் நோவா நிறுவனத்தின் ஒகியானோஸ் எக்ஸ்ப்ளோரர் கப்பல் தன் முழுக்குகளை (ஆர்ஓவி கடலடிக்கு இறங்கி ஏறும் ஒவ்வொரு பயணமும் ஒரு முழுக்கு) நேரலையில் காட்டுகிறது. பழைய முழுக்குகளை ஓஷன் நெட்வொர்க்ஸ் கனடா நடத்தும் சீடியூப் தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். நீங்களே குறிப்புச் சேர்க்க வேண்டுமானால் மட்டும் ஒரு கணக்குத் தொடங்க வேண்டும். மேலே சொன்ன முதல் இரண்டு ஜோடிகளுக்கும் 2021-ல் நியூ இங்கிலாந்து, கார்னர் ரைஸ் கடல்மலைகளுக்குப் போன பயணத்திலிருந்து தொடங்குங்கள். ஷ்மிட் ஓஷன் நிறுவனமும் நாட்டிலஸ் கப்பலும் தங்கள் முழுக்குகளை யூடியூபில் விட்டு வைத்திருக்கின்றன. பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் ஆழமும் இடமும் நேரமும் சேர்ந்த தரவு வேண்டுமென்றால் சீடியூப்தான் எளிது.

ஒரு முழுக்கு என்பது கடலடியில் மட்டுமே பல மணி நேரம். முழுவதையும் பார்க்க உட்காராதீர்கள். ஏற்கெனவே விஞ்ஞானிகள் போட்ட குறிப்புகளில் பவளத்தின் பெயரைத் தேடி, அந்த நிமிடங்களுக்கு மட்டும் போங்கள். அப்புறம் அதற்கு முன்னும் பின்னும் சில நிமிடங்கள் பாருங்கள். குறிப்பு போடுபவர் நேரலையில் அவசரத்தில் பவளத்தின் பெயரை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்திருப்பார், மேலே இருந்த விலங்கைப் பதிந்திருக்க மாட்டார். உங்களுக்கு வேலை கிடைப்பது இந்த இடைவெளியில்தான்.

அதனால் "குறிப்பில் இல்லை" என்பதை "விலங்கு இல்லை" என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. கேமரா அருகே போய் உச்சிக் கிளைகளைத் தெளிவாகக் காட்டிய பவளங்களை மட்டும் எண்ணுங்கள், தூரக் காட்சிகளைத் தனிப் பட்டியலில் போடுங்கள். இதைச் செய்யாமல் "இத்தனை சதவீதப் பவளங்களில் பிரிட்டில் ஸ்டார் உண்டு" என்று எழுதினால் முதல் மதிப்பாய்வாளரே திருப்பி அனுப்பிவிடுவார்.

அளவு எடுக்க ஒரு வழி இருக்கிறது. ஒகியானோஸின் டீப் டிஸ்கவரர் ஆர்ஓவி இரண்டு சிவப்பு லேசர் புள்ளிகளைக் காட்டும், இரண்டுக்கும் இடைவெளி 10 சென்டிமீட்டர். புள்ளிகள் பவளத்தின் மேலேயே விழுந்திருக்கும் சட்டகத்தில் மட்டும் அளந்துகொள்ளுங்கள், பின்னாலிருக்கும் பாறையில் விழுந்திருந்தால் அந்த அளவு தப்பு.

ஒவ்வொரு பார்வைக்கும் விரிதாளில் ஒரு வரி. அதில் பயணத்தின் பெயர், முழுக்கு எண், யூடிசி என்ற உலகப் பொது நேரம் (நம் ஊர் நேரத்துக்கு மாற்றி எழுதவே வேண்டாம், குழப்பம் அங்கேதான் தொடங்கும்), ஆழம், அட்ச தீர்க்க ரேகை, பவளத்தின் பெயர், அது உயிரோடிருக்கிறதா செத்த எலும்புக்கூடா, விலங்கு எது, எத்தனை, காம்பிலா கிளை நுனியிலா அடியிலா, சட்டகப் படத்தின் கோப்புப் பெயர் எல்லாம் இருக்கட்டும். உயிருள்ளதா செத்ததா என்ற கட்டத்தை யாரும் மதிப்பதில்லை. ஆனால் செத்த பவளக் கூட்டின் மேல் ஏறும் விலங்குகளுக்கு உயரமான ஒரு மேடை கிடைத்தால் போதும், பவளமே வேண்டும் என்றில்லை. இந்த ஒரு கட்டம் காலியாக இருந்தால் இரண்டையும் கலந்து எண்ணிவிடுவீர்கள்.

இன்னொன்று, உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவுடன் "ஒட்டுண்ணி" என்று எழுதாதீர்கள். படம் இடத்தைக் காட்டும். அது என்ன சாப்பிடுகிறது என்று காட்டாது.

3. பெயரைச் சரிபாருங்கள்

காணொளிக்கு நோவாவின் ஆழ்கடல் விலங்குகள் அடையாளக் கையேடும் எம்பாரி கடல் ஆய்வு நிறுவனத்தின் டீப்-சீ கைடும் இலவசம். இனப்பெயர் இன்று செல்லுமா என்று பார்க்க, கடல் உயிரினப் பெயர்களுக்கான வோர்ம்ஸ் இணையப் பதிவேடு. இதில் நேரம் செலவிடுங்கள், ஏனென்றால் பவளங்களின் பெயர்கள் சமீபத்தில் பெரிதாக மாறியிருக்கின்றன. லோஃபீலியா பெர்டூசா 2016-க்குப் பிறகு டெஸ்மோஃபில்லம் பெர்டூசம் ஆகிவிட்டது. எண்கதிர்ப் பவளங்களின் (மெட்டலோகோர்ஜியா, கான்டிடெல்லா போன்றவை) வகைப்பாடே 2022-ல் புதிதாக எழுதப்பட்டு, பழைய குடும்பங்கள் பல உடைந்தன. அருங்காட்சியகப் பட்டியலில் பழைய பெயர்தான் இருக்கும், ஆகவே இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

மூல விவரிப்புகள் மிகப் பழையவை. ஓஃபியோக்ரியாஸ் ஈடிபஸ் 1879-ல் விவரிக்கப்பட்டது, கான்டிடெல்லா 1862-ல். பயப்பட வேண்டாம், பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரியில் இந்தக் காலத்து நூல்களைப் பக்கம் பக்கமாக இலவசமாக இறக்கலாம். பணம் கொடுத்து ஸ்கேன் வாங்கித் தருகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள்.

4. அருங்காட்சியகத்துக்கு இரவல் கடிதம்

ஒகியானோஸ் எடுக்கும் உயிரி மாதிரிகள் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போகின்றன. அதன் முதுகெலும்பற்ற விலங்குகள் பிரிவின் பட்டியலை இணையத்தில் தேடலாம். பவளத்தோடு வந்த சிறு விலங்குகளுக்குப் பல பயணங்களில் பவளத்தின் மாதிரி எண்ணோடு ஒரு பின்னொட்டு சேர்த்த எண் கொடுத்திருப்பார்கள், அந்தப் பின்னொட்டை வைத்துத்தான் ஜோடியைக் கண்டுபிடிக்க வேண்டும். அமெரிக்காவில் ஹார்வர்டிலும் யேலிலும் உள்ள அருங்காட்சியகங்களிலும் ஆழ்கடல் பவளச் சேகரிப்புகள் உண்டு.

இரவல் தனிநபருக்குக் கிடைக்காது. நிறுவனத்துக்குத்தான் கிடைக்கும், பொறுப்பேற்று ஒரு நிரந்தரப் பணியாளர் கையெழுத்திட வேண்டும். மாணவராக இருந்தால் உங்கள் பேராசிரியர் அல்லது துறைத்தலைவர் பெயரில் கடிதம் போக வேண்டும். அதில் இருக்க வேண்டியவை:

நிறுவனத்தின் கடிதத்தாள், பொறுப்பாளரின் பெயரும் பதவியும். கேட்கும் மாதிரிகளின் பட்டியல் எண்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக. "உங்களிடம் உள்ள எல்லா பிரிட்டில் ஸ்டார்களும்" என்று கேட்டால் பதிலே வராது. பவளத்தின் எண்ணும் அதன் மேல் இருந்த விலங்கின் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில். என்ன செய்யப் போகிறீர்கள்: வெறும் பார்வையா, அறுத்துப் பார்ப்பதா, டிஎன்ஏவுக்குத் துண்டு எடுப்பதா. துண்டு எடுப்பதற்கு எல்லா இடத்திலும் தனி அனுமதி வேண்டும், இரவல் கிடைத்துவிட்டது என்பதற்காகக் கத்தியை எடுக்கக் கூடாது. மாதிரிகளை எங்கே எப்படி வைப்பீர்கள், எப்போது திருப்புவீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

கடிதம் அனுப்பும் முன் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்: முழு மாதிரி வேண்டாம், இன்ன குப்பியின் இன்ன பகுதியைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? பல கேள்விகளுக்குப் படமே போதும். எனக்கு அப்படிக் கிடைத்த படங்களால், கேட்க நினைத்திருந்த பட்டியலே பாதியாகக் குறைந்தது, அதனால் அனுமதி வேலையும் குறைந்தது. சேகரிப்பு மேலாளர்கள் வேலைப்பளு மிகுந்தவர்கள், ஆனால் துல்லியமாகக் கேட்பவர்களுக்கு மனதார உதவுகிறார்கள்.

நேரம்: முதல் மின்னஞ்சலிலிருந்து பொட்டலம் கிளம்புவது வரை அரை வருடம் என்று வைத்துக்கொண்டு ஆய்வேட்டின் கால அட்டவணையைப் போடுங்கள். அந்த அரை வருடத்தில் படி 2-ஐ முடித்துவிடலாம்.

செலவு: இரவலுக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது, காப்பீட்டோடு சேர்த்து. வரும் செலவை மட்டும் பட்ஜெட்டில் போட்டுவிட்டுத் திருப்பும் செலவை மறந்த ஆய்வகங்களைப் பார்த்திருக்கிறேன்.

5. சைட்டீஸ்: எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம்

ஆட்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான், அதனால் மெதுவாகப் படியுங்கள்.

அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை: எல்லாக் கருப்புப் பவளங்களும், எல்லாக் கல் பவளங்களும் (லோஃபீலியா, மாட்ரேபோரா, சோலெனோஸ்மிலியா உட்பட), ஸ்டைலாஸ்டரிட் (லேஸ் பவளம்) குடும்பம் முழுவதும். மெட்டலோகோர்ஜியா, கான்டிடெல்லா, பாராமுரிசியா, மூங்கில் பவளங்கள் இவை அந்தப் பட்டியலில் இல்லை. சிவப்பு நகைப் பவளக் குடும்பத்தின் நான்கு இனங்களை மட்டும் சீனா 2008-ல் மூன்றாம் பட்டியலில் சேர்த்தது. பிரிட்டில் ஸ்டாரும் புழுவும் ஸ்குவாட் லாப்ஸ்டரும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

அப்படியானால் புழுவுக்கு அனுமதி வேண்டாமே என்று தோன்றும். ஆனால் யூனிசே புழு தன் குழாயோடு வருகிறது, குழாயில் லோஃபீலியாத் துண்டு ஒட்டியிருக்கிறது என்றால், அந்தத் துண்டுக்கு அனுமதி வேண்டும். ஸ்டைலாஸ்டரிட்டில் ஒட்டி வாழும் பெடிகுலேரியா நத்தையைக் கிளையோடு அனுப்பினாலும் அதே கதைதான். இதைத் தவிர்க்க விலங்கைப் பிய்த்துத் தனியாக அனுப்பச் சொல்லாதீர்கள், ஜோடி உடைந்துபோகும். சரியான தாளோடு சேர்த்தே வரவழையுங்கள்.

சரியான தாள் இரண்டு விதம். ஒன்று, அனுப்பும் நாட்டின் சைட்டீஸ் அதிகாரி தரும் ஏற்றுமதி அனுமதி. இது வழங்கிய நாளிலிருந்து அதிகபட்சம் ஆறு மாதம்தான் செல்லும், பொட்டலம் அதற்குள் உங்கள் நாட்டுக்கு வந்து சேர வேண்டும். அமெரிக்காவில் விண்ணப்பத்துக்குக் குறைந்தது 60 நாள் ஒதுக்கச் சொல்கிறார்கள். மூலத் தாளே பொட்டலத்தோடு வர வேண்டும், நகல் செல்லாது. பொட்டலம் கிளம்பிய பிறகு வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இரண்டாவது வழி இன்னும் எளிது, பலருக்குத் தெரியாது. ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவின் ஆறாவது உட்பிரிவின்படி, தங்கள் நாட்டு அதிகாரியிடம் பதிவு செய்த இரண்டு அறிவியல் நிறுவனங்கள் வணிக நோக்கமில்லாமல் பதப்படுத்திய அருங்காட்சியக மாதிரிகளை இரவலாகவோ அன்பளிப்பாகவோ பரிமாறிக்கொண்டால், அதிகாரி ஒப்புதல் தந்த ஒரு லேபிளை ஒட்டி அனுப்பினால் போதும். இரண்டு பக்கமும் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியல் சைட்டீஸ் தளத்திலேயே இருக்கிறது. உங்கள் கல்லூரி அதில் இல்லையென்றால், பட்டியலில் உள்ள ஒரு நிறுவனத்தோடு கூட்டாகச் செய்து, மாதிரிகளை அங்கேயே போய்ப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

அமெரிக்காவிலிருந்து வரும் விலங்கு மாதிரிகளை, பட்டியலில் இல்லாதவையானாலும், பொதுவாக அவர்கள் பக்கத்தில் 3-177 என்ற படிவத்தில் அறிவிக்க வேண்டியிருக்கும். அதை அருங்காட்சியகம் செய்யும். நீங்கள் செய்ய வேண்டியது, அதன் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது. திருப்பி அனுப்பும்போது அது இல்லாவிட்டால் தடுமாறுவீர்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல் பவளங்களோடும் கருப்புப் பவளங்களோடும் எல்லாக் கடல் விசிறிகளும் (மெட்டலோகோர்ஜியா, பாராமுரிசியா போன்ற கோர்கோனியன் பவளங்கள்) 2001-ல் சேர்க்கப்பட்டன. சைட்டீஸ் பட்டியலில் இல்லை என்பதால் நம் சட்டத்திலும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மீன் இறங்குதளத்தில் வலையோடு வந்து குப்பையில் கிடக்கும் கடல் விசிறித் துண்டைக்கூட எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஆய்வகத்துக்கு எடுத்துவராதீர்கள், "செத்ததுதானே" என்பது பதிலாகாது. வெளிநாட்டு மாதிரி வருவதாக இருந்தால், வனவிலங்குக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகத்தின் சென்னை மண்டல அலுவலகத்தில் முன்கூட்டியே விவரம் கொடுத்து, என்ன தாள் வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னதைச் சுங்கத்தில் காட்ட முடியாது.

மாதிரி எந்த நாட்டுக் கடலில் எடுத்தது என்றும் பாருங்கள். நியூ இங்கிலாந்து கடல்மலைகளில் பேர், ஃபிசாலியா, மைட்டிலஸ், ரிட்ரீவர் நான்கும் அமெரிக்கக் கடலுக்குள், 2016-ல் அறிவித்த தேசியக் கடல் நினைவகத்துக்குள் வருகின்றன. கார்னர் ரைஸ் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத திறந்த கடலில் இருக்கிறது. திறந்த கடலின் மரபு வளங்களுக்கான ஐநா ஒப்பந்தம் 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது, ஆகவே இடத்தின் ஆயத்தொலைவைக் கடிதத்திலும் கட்டுரையிலும் தெளிவாக எழுதுவது இனி எல்லாருக்கும் நல்லது.

6. எத்தனால் பொட்டலம்

எத்தனால் எரியும் திரவம், யூஎன் 1170 என்ற ஆபத்துச் சரக்கு. ஆனால் அறிவியல் மாதிரிகளுக்கு விமானச் சரக்கு விதிகளில் ஏ180 என்ற சிறப்பு ஏற்பாடு உண்டு. ஒரு குப்பியில் 30 மில்லிலிட்டருக்கு மேல் திரவம் இருக்கக் கூடாது, குப்பியைப் பிளாஸ்டிக் பையில் வெப்பத்தால் மூட வேண்டும், அதை உறிஞ்சு பொருளோடு இன்னொரு பையில் போட்டு மறுபடி மூட வேண்டும், வெளிப்பெட்டி உறுதியாக இருக்க வேண்டும், பெட்டி முழுவதிலும் சேர்த்து 1 லிட்டரைத் தாண்டக் கூடாது. பெட்டியின் மேல் அறிவியல் ஆய்வு மாதிரிகள், கட்டுப்பாடற்றவை, சிறப்பு ஏற்பாடு ஏ180 பொருந்தும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்க வேண்டும். எனக்கு வந்த ஒரு பொட்டலம் இந்த ஒரு வரி இல்லாமல் சரக்கு முனையத்தில் நின்றது. அனுப்பியவர்கள் எழுதவில்லை, எடுத்துவந்தவர்களும் கேட்கவில்லை. கிளம்பும் முன் பெட்டியின் வெளிப்புறத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எல்லாக் கூரியரும் ஏ180-ஐ ஏற்பதில்லை, அதை உள்ளூர்க் கிளையில் கேட்காமல் அவர்களின் ஆபத்துச் சரக்குப் பிரிவில் கேளுங்கள். சுங்க மதிப்புக் கட்டத்தில் "வணிக மதிப்பு இல்லை, திருப்பி அனுப்பப்படும் அறிவியல் இரவல்" என்று எழுதி, சுங்கத்துக்காக மட்டும் ஒரு சிறு தொகையைக் குறிப்பது வழக்கம்.

7. குப்பியைத் திறந்த பிறகு

முதலில் எதையும் தொடாமல் படம். குப்பி, லேபிளின் இரு பக்கங்கள், தட்டில் வைத்த பவளம், அதில் விலங்கு இருக்கும் இடம். பிறகு குப்பியின் அடியில் தங்கிய வண்டலை வடிகட்டிப் பாருங்கள். கழன்று விழுந்த கோப்பிபாட்டும் புழுவின் செதில்களும் அங்கேதான் கிடக்கும், அதைக் கொட்டிவிட்டால் பாதி விலங்குகளைக் கொட்டிவிட்டீர்கள்.

95 சதவீத எத்தனாலில் இருந்த பிரிட்டில் ஸ்டார் தொட்டால் ஒடியும், இடுக்கியால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பவளத்தைச் சுற்றியிருக்கும் கைகளை அவிழ்க்க முயலவே வேண்டாம், கிளையோடு சேர்த்தே அளவெடுங்கள். பவளத்தை அடையாளம் காண அதன் சுண்ணச் செதில்களைப் பார்க்க வேண்டும், அதற்கு ஒரு சிறு துண்டைச் சோடியம் ஹைப்போகுளோரைட்டில், அதாவது சாதாரண பிளீச்சில், போட்டால் சதை கரைந்து செதில்கள் மிஞ்சும். விலங்குகள் எல்லாவற்றையும் எடுத்து முடித்த துண்டாக இருக்கட்டும், பிளீச்சில் புழுவும் கரைந்துவிடும். ஃபார்மலின் குப்பி என்று லேபிளில் இருந்தால் டிஎன்ஏ ஆசையை அங்கேயே விட்டுவிடுங்கள். தாங்கல் கரைசல் சேர்க்காத ஃபார்மலின் சுண்ணச் செதில்களையும் அரித்திருக்கும்.

விலங்கைத் தனிக் குப்பிக்கு மாற்ற வேண்டி வந்தால், புதிய லேபிளில் பவளத்தின் எண்ணையும் எழுதி, பவளத்தின் குப்பிக்குள் "இன்ன எண்ணுள்ள விலங்கு இதிலிருந்து எடுக்கப்பட்டது" என்று இன்னொரு லேபிள் போடுங்கள். எத்தனாலில் கலையாத மையும் பருத்தித் தாளும் வேண்டும். பால்பாயின்ட் பேனா வேண்டாம், பென்சில் எவ்வளவோ மேல்.

கருவி என்று பார்த்தால் கல்லூரியில் இருக்கும் ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பும் அதில் பொருத்தும் கேமராவும் போதும். எத்தனால் வாங்குவதற்கு ஆய்வகத்துக்குக் கலால் அனுமதி இருக்கிறதா என்று பொட்டலம் வருமுன் பார்த்துவிடுங்கள், ஆவியாகிப் போன குப்பிக்கு ஊற்ற எதுவும் இல்லாமல் தவிக்க வேண்டாம்.

8. டிஎன்ஏ, தேவையென்றால் மட்டும்

பிரிட்டில் ஸ்டாருக்கும் புழுவுக்கும் சிஓஐ என்ற மரபணுத் துண்டு நன்றாக இனம் பிரித்துக் காட்டும். எண்கதிர்ப் பவளத்துக்கு அதே சிஓஐ உதவாது, அவற்றின் மைட்டோகாண்ட்ரிய மரபணு மிக மெதுவாக மாறுகிறது. மிட்மட்எஸ் மரபணுவும் 28எஸ்ஸும் சேர்த்து எடுக்க வேண்டும், அப்போதும் சில இனங்கள் பிரியாது. இரண்டுக்கும் ஒரே பிரைமர் (எடுக்க வேண்டிய துண்டைப் படியெடுக்கத் தொடக்கமாகும் குட்டி டிஎன்ஏ) என்று திட்டம் போட்டுப் பணத்தை வீணாக்காதீர்கள். விலங்கின் வயிற்றிலும் தோலிலும் பவளத்தின் சளி இருக்கும், அதனால் பிரிட்டில் ஸ்டாரின் கை நுனியிலிருந்து துண்டு எடுத்து, எத்தனாலில் அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

டிஎன்ஏ வரிசையைப் படிக்கும் சாங்கர் முறையில் ஒரு வினைக்குச் சில நூறு ரூபாய்தான், பிரித்தெடுக்கும் கிட்டுதான் பல ஆயிரம். இன்னொரு ஆய்வகத்தோடு பங்கு போட்டு வாங்குங்கள். வரிசையை ஜீன்பேங்க் என்ற பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றும்போது ஹோஸ்ட் (விலங்கு குடியிருந்த உயிர்) என்று ஒரு கட்டம் வரும், கட்டாயமில்லை என்பதால் பலர் காலியாக விடுகிறார்கள். அங்கே பவளத்தின் முழுப்பெயரையும், குறிப்புக் கட்டத்தில் பவளத்தின் அருங்காட்சியக எண்ணையும் எழுதுங்கள்.

9. வெளியிடுதலும் திருப்பி அனுப்புதலும்

ஜூடாக்ஸா என்ற விலங்கு வகைப்பாட்டு இதழில் திறந்த அணுகல் (யாரும் இலவசமாகப் படிக்கும் வசதி) வேண்டாம் என்றால் ஆசிரியரிடம் கட்டணம் வாங்குவதில்லை. ஜூக்கீஸ் போன்றவை திறந்த அணுகல், கட்டணம் உண்டு, சலுகை கேட்டு முன்பே எழுதலாம். புதிய இனம் என்றால் மின்னிதழில் வெளிவரும் முன் ஜூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிந்து, அந்தப் பதிவைக் கட்டுரைக்குள்ளேயே குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் பெயர் செல்லாது. ஹோலோடைப்பை (புதிய பெயருக்கு ஆதாரமான மூல மாதிரி) எந்த அருங்காட்சியகத்தில் வைக்கிறீர்கள் என்பதையும், அது எந்தப் பவளத்தின் மேல் இருந்தது, அந்தப் பவளம் எந்த எண்ணில் எங்கே இருக்கிறது என்பதையும் விவரிப்பின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

இரவல் காலம் முடியப்போகிறது, வேலை முடியவில்லை என்றால் நீட்டிப்புக் கேட்டு ஒரு மாதம் முன்பே எழுதுங்கள், பெரும்பாலும் தருவார்கள். பேசாமல் வைத்துக்கொண்டால் உங்களுக்கு மட்டுமல்ல, உங்களுக்குப் பின்னால் அதே துறையிலிருந்து கேட்பவருக்கும் கதவு அடைபடும். சைட்டீஸ் மாதிரியானால் திரும்பிப் போவதற்கும் தாள் வேண்டும், மறு ஏற்றுமதி அனுமதியோ இரு நிறுவனங்களின் லேபிளோ. இதற்கு வேண்டிய நேரத்தைத் தவணை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி முன்பே தொடங்குங்கள். பெட்டிக்குள் மாதிரிகளோடு நீங்கள் எடுத்த படங்கள், மாற்றிய பெயர்கள், துண்டு எடுத்த இடங்கள் எல்லாம் கொண்ட ஒரு பட்டியலையும் வையுங்கள். மிஞ்சிய டிஎன்ஏ கரைசலையும் செதில் ஸ்லைடுகளையும் திருப்பித் தர வேண்டுமா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள், பல இடங்களில் தர வேண்டும். அவற்றின் மூடியிலும் பவளத்தின் எண் இருக்கட்டும்.